தாமஸ் அனன்டேல்

தாமஸ் அனன்டேல் (பெப்ரவரி 2, 1838 - டிசம்பர் 20, 1907) எடின்பரோ நகரில் பணியாற்றிய புகழ்பெற்ற அறுவை மருத்துவர், பேராசிரியர் ஆவார். முழங்கால் மூட்டினுள் இடம் பெயர்ந்த பிறைக்குருத்தெலும்பை (மெனிஸ்கஸ்) அகற்றிவிடாமல், அதன் இடத்திலேயே மீண்டும் தைத்துப் பொருத்திய முதல் மருத்துவராக இவர் அறியப்படுகிறார். இவ்வறுவை 1883 ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று நடைபெற்றது. இன்று மூட்டு அகநோக்கிக் கருவியின் உதவியுடன் உலகெங்கும் செய்யப்படும் பிறைக்குருத்தெலும்புச் சீரமைப்பின் தொடக்கம் இதுவே. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் லிஸ்டருக்குப் பின் மருத்துவமனை அறுவையியல் பேராசிரியர் பதவியை ஏற்ற இவர், முப்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். செவி நரம்புக் கட்டி அகற்றல், குடலிறக்க அறுவை ஆகியவற்றிலும் இவர் முன்னோடியாகக் கருதப்படுகிறார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தை நிறுவிய நெல்சன் அனன்டேல் இவருடைய மூத்த மகன்.

இளமையும் கல்வியும்

தாமஸ் அனன்டேல் இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றின் கரையிலுள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் தாமஸ் அனன்டேல். அவரும் ஓர் அறுவை மருத்துவர். நியூகாசிலைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்தன. சுரங்கத் தொழிலாளர் தாழ்ந்த கூரையின் கீழ் மண்டியிட்டும் குந்தியும் நாள் முழுவதும் வேலை செய்தனர். எலும்பு முறிவும் மூட்டுக் காயமும் அந்நகர மருத்துவர்களுக்கு அன்றாடப் பழக்கமாக இருந்தன.

நியூகாசிலில் இருந்த புரூஸ் கல்விக்கூடத்தில் பள்ளிப் படிப்பை முடித்த அனன்டேல், அக்கால வழக்கப்படி தந்தையிடமே தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பின்னர் நியூகாசில் மருத்துவமனையில் பயின்றார். 1856 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1860 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இடுப்பு மூட்டின் காயங்களும் நோய்களும் பற்றி இவர் எழுதிய ஆய்வேட்டிற்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. மூட்டுகள் மீது இவருக்கிருந்த ஈடுபாடு மாணவப் பருவத்திலேயே தொடங்கிவிட்டதை இது காட்டுகிறது.

ஜேம்ஸ் சைமின் உதவியாளர்

பட்டம் பெற்றவுடன் எடின்பரோ அரச மருத்துவமனையில் ஜேம்ஸ் சைம் என்பவரின் கீழ் உள்ளுறை மருத்துவராகச் சேர்ந்தார். கணுக்கால் மட்டத்தில் பாதத்தை அகற்றும் அறுவை முறை இன்றும் சைமின் பெயராலேயே வழங்கப்படுகிறது. காலை முழங்காலுக்குக் கீழ் வெட்டிவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், நோயாளி ஊன்றி நடக்கக்கூடிய அளவு காலை மிச்சம் வைக்க முயன்றவர் சைம். உறுப்பை இழக்காமல் காப்பதே அறுவை மருத்துவரின் முதற்கடமை என்னும் எண்ணம் அவருடைய மாணவர்களிடமும் பரவியது.

அனன்டேல் 1861 முதல் 1870 வரை சைமின் தனி உதவியாளராக இருந்தார். இதற்கிடையில் 1863 இல் எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அதே காலத்தில் உடற்கூற்றியல் பேராசிரியர் ஜான் குட்சரின் கீழ் செய்முறை விளக்குநராகவும் பணியாற்றினார். விரல்களின் பிறவிக் குறைபாடுகள், நோய்கள், காயங்கள் ஆகியவற்றைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை, இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் 1864 ஆம் ஆண்டுக்கான ஜாக்சன் பரிசைப் பெற்றது. அது 1865 இல் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில் அரச மருத்துவமனையில் உதவி அறுவை மருத்துவரானார். 1871 இல் முழுப் பொறுப்புள்ள அறுவை மருத்துவராக உயர்ந்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் கதைப்பாத்திரத்திற்கு முன்மாதிரியாகக் கூறப்படும் ஜோசப் பெல் அதே மருத்துவமனையில் இவருடன் பணியாற்றியவர்.

லிஸ்டருக்குப் பின்

அனன்டேல் தொழில் பழகிய காலத்தில் அறுவை மருத்துவத்தின் பெரும் எதிரி வலி அன்று. 1847 இல் எடின்பரோவிலேயே ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபாம் மயக்க மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால் நோயாளி வலியறியாமல் கிடந்தார். ஆனால் அறுவைக்குப் பின் புண்ணில் சீழ் பிடித்து உயிர் போவது சாதாரணமாக இருந்தது. அதிலும் முழங்கால் மூட்டைத் திறப்பது மிகுந்த ஆபத்துடையதாகக் கருதப்பட்டது. மூட்டினுள் நச்சுக்கிருமி புகுந்துவிட்டால் காலையே வெட்டி எடுக்க நேரிடும். அதுவும் பலனளிக்காவிடில் மரணம். எனவே தேர்ந்த மருத்துவர்களும் மூட்டினுள் கத்தி வைக்கத் தயங்கினர்.

இந்நிலையை மாற்றியவர் சைமின் மருமகனான ஜோசப் லிஸ்டர். கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவிகளையும் கைகளையும் தூய்மை செய்யும் கிருமிநீக்க முறையை அவர் 1867 இல் வெளியிட்டார். 1869 இல் சைமின் இடத்தில் எடின்பரோ பேராசிரியரானார். 1877 இல் லிஸ்டர் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் செல்ல முடிவு செய்தபோது, அவர் போகக்கூடாது என்று நூற்றுக்கணக்கான மாணவர்கள் கையொப்பமிட்டு வேண்டுகோள் விடுத்தனர். அவ்வளவு செல்வாக்குப் பெற்ற ஒருவரின் இடத்தை நிரப்பும் பொறுப்பு 39 வயதான அனன்டேலுக்கு வந்து சேர்ந்தது. சைம், லிஸ்டர் என்னும் இரு பெரும் பெயர்களுக்குப் பின் வந்த இவர், 1907 இல் இறக்கும் வரை அப்பதவியை வகித்தார்.

பிறைக்குருத்தெலும்பு

முழங்கால் மூட்டில் தொடையெலும்பின் உருண்டையான முனைகள், கால்முன்னெலும்பின் ஏறக்குறையத் தட்டையான பரப்பின் மீது அமர்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாகப் பிறை வடிவிலான இரு குருத்தெலும்புகள் உள்ளன. விளிம்பில் தடித்தும் நடுவை நோக்கி மெலிந்தும் இருக்கும் இவை, ஆப்பு வைத்தாற்போல எலும்புகளுக்கிடையில் பொருந்தி நிற்கின்றன. முழங்காலை நீட்டிய நிலையில் மூட்டின் வழி இறங்கும் சுமையில் ஏறத்தாழப் பாதியையும், செங்கோணமாக மடக்கிய நிலையில் சுமார் 85 விழுக்காட்டையும் இவையே தாங்குகின்றன என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் மூட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்லப்படும் காயங்களுள் பல இக்குருத்தெலும்பைச் சார்ந்தவை. தசைநார் அறுவதையும் மக்கள் அதே சொல்லால் குறிப்பிடுகின்றனர்.

பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போது இக்குருத்தெலும்பு கிழியலாம், அல்லது தன் பிடிப்பிலிருந்து கழன்று நிலையற்றுப் போகலாம். அப்போது அது எலும்புகளுக்கு நடுவே சிக்கி, காலை நீட்ட முடியாதபடி பூட்டிவிடும். லீட்ஸ் நகர மருத்துவர் வில்லியம் ஹே 1803 இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை முழங்காலின் உட்கோளாறு என்று விவரித்தார். காலைக் குறிப்பிட்ட முறையில் மடக்கி நீட்டி, சிக்கியதை விடுவிப்பதே அவர் கூறிய மருத்துவம். அதன் பின் எண்பது ஆண்டுகளுக்கு இதைவிட மேலான வழி பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. கைவைத்தியத்தால் சரியாகாதவர்கள் கட்டுப்போட்டுக்கொண்டு, பூட்டும் காலுடனேயே வாழ்ந்தனர். உடலுழைப்பால் பிழைப்போருக்கு இது வேலையிழப்பையே குறித்தது.

1883 ஆம் ஆண்டு அறுவை

1883 இல் அனன்டேலிடம் வந்த நோயாளி ஒரு சுரங்கத் தொழிலாளி. முழங்கால் அடிக்கடி சிக்கிக்கொண்டதால் அவரால் வேலை செய்ய இயலவில்லை. மண்டியிட முடியாத ஒருவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் இடமில்லை. மூட்டைத் திறக்காமல் விட்டால் அவர் பிழைப்பு போகும். திறந்தால் கிருமி புகுந்து காலோ உயிரோ போகலாம். மூட்டைத் திறப்பது என்று அனன்டேல் முடிவு செய்தார்.

நவம்பர் 16 அன்று கிருமிநீக்க முறைகளைக் கடைப்பிடித்து மூட்டின் உட்பக்கமாக வெட்டித் திறந்தபோது, உட்புறப் பிறைக்குருத்தெலும்பின் முன்பகுதி தன் பிடிப்பிலிருந்து முற்றிலும் கழன்று ஏறத்தாழ அரை அங்குலம் பின்னோக்கி நகர்ந்திருப்பது தெரிந்தது. அவர் அதன் முன்விளிம்பை இரத்தக்குழாய் இடுக்கியால் பற்றி, இயல்பான இடத்திற்கு முன்னிழுத்து நிறுத்தினார். பின்னர் குரோமியம் ஏற்றிய நரம்பிழையால் மூன்று தையல்கள் இட்டு, கால்முன்னெலும்பின் விளிம்பை மூடியுள்ள சவ்வுடனும் எலும்புறையுடனும் அதைப் பிணைத்தார். விலங்குக் குடலிலிருந்து செய்யப்படும் அவ்விழை தானாகவே உடலில் கரைந்துவிடும் தன்மையுடையது. அதைக் குரோமிய அமிலத்தில் பதப்படுத்தி நெடுநாள் நிற்கும்படி செய்தவரும் லிஸ்டரே. முன்னவர் விட்டுச் சென்ற இரண்டு கருவிகளான தூய்மையையும் இழையையும் அனன்டேல் ஒரு புதிய இடத்தில் பயன்படுத்தினார் எனலாம்.

புண் சீழ் பிடிக்கவில்லை. ஏறத்தாழப் பத்து வாரங்களில் மூட்டு நன்கு அசையும் நிலையை அடைந்தது. தொழிலாளி வேலைக்குத் திரும்பினார். இவ்வறுவையைப் பற்றிய குறிப்பை அனன்டேல் 1885 ஏப்ரலில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். நோயாளி குணமானவுடன் அவசரப்பட்டு வெளியிடாமல் ஓராண்டிற்கும் மேலாகப் பொறுத்திருந்தது குறிப்பிடத்தக்கது.

அகற்றலும் சீரமைப்பும்

தைத்துச் சீரமைக்கும் வழியைக் காட்டிய அனன்டேலே எல்லா நோயாளிகளுக்கும் அதைப் பின்பற்றவில்லை. 1889 இல் அதே இதழில் அவர் வெளியிட்ட மற்றொரு குறிப்பு, உட்புறப் பிறைக்குருத்தெலும்பை வெட்டி அகற்றியதையும் அதன்பின் மூட்டின் அசைவு முழுமையாகத் திரும்பியதையும் கூறுகிறது. கழன்ற குருத்தெலும்பைத் தைக்கலாம். சிதைந்துபோனதை என்ன செய்வது என்பது அன்றைய வினா. கண்ணால் காணக்கூடிய பலன் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து மூட்டு என்னவாகும் என்பதை அறிய எக்ஸ் கதிர் கூட அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. இரான்ட்ஜன் அதை 1895 இல்தான் கண்டறிந்தார்.

1887 இல் இலண்டன் மருத்துவர் ஜான் பிளான்ட் சட்டன், பிறைக்குருத்தெலும்பு என்பது கால் தசை ஒன்றின் பயனற்ற எச்சம் மட்டுமே என்று ஒரு நூலில் எழுதினார். பயனற்ற ஒன்றைத் தைத்துக் காப்பதற்குக் காரணம் இல்லை. அகற்றும் அறுவை எளிதானது, விரைவில் முடிவது, நோயாளியும் சில வாரங்களில் நடந்துவிடுவார். எனவே அடுத்த அரை நூற்றாண்டில் அகற்றலே பொது வழக்காயிற்று. அனன்டேலின் தையல் மெல்ல மறக்கப்பட்டது.

பிற அறுவை மருத்துவப் பணிகள்

அனன்டேலின் காலத்தில் அறுவை மருத்துவர் ஒருவர் உடலின் எல்லாப் பகுதிகளிலும் பணி செய்தார். 1876 இல் ஒரே பக்கத்தில் பலவகைக் குடலிறக்கங்கள் கொண்ட ஒரு நோயாளிக்கு, வயிற்றறை உறைக்கு முன்னுள்ள இடைவெளியின் வழியாக அணுகி அறுவை செய்தார். அந்த இடைவெளியே இன்று சிறு துளைகளின் வழியாகக் குடலிறக்கத்திற்கு வலை பொருத்தும் மருத்துவர்களுக்குப் பாதையாக உள்ளது. இம்முறையின் தொடக்கத்தை மருத்துவ வரலாற்றாளர்கள் அனன்டேலிடம் காண்கின்றனர்.

1895 மே மாதத்தில், கருவுற்றிருந்த ஓர் இளம் பெண்ணின் மண்டையோட்டினுள் செவி நரம்பில் வளர்ந்திருந்த கட்டியை இவர் அகற்றினார். அப்பெண் உயிர் பிழைத்ததோடு நலமான குழந்தையையும் பெற்றார். இதற்கு முந்தைய ஆண்டில் சார்லஸ் பாலன்ஸ் என்பவர் இலண்டனில் இதுபோன்ற ஓர் அறுவையைச் செய்திருந்தார். ஆயினும் அவர் அகற்றியது மூளையுறையில் எழுந்த கட்டியாக இருக்கக்கூடும் என்று கருதுவோர், செவி நரம்புக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் அனன்டேலே என்கின்றனர்.

இவர் எழுதிய நூல்களுள் அறுவைக் கருவிகளும் சிறு அறுவைகளும் பற்றிய கையேடு, அறுவை மருத்துவக் கோட்பாடுகளின் சுருக்கம், இடுப்பு மூட்டு நோயின் அறுவை மருத்துவம் ஆகியவை அடங்கும்.

ஆசிரியர்

அனன்டேல் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பிக்கும் மருத்துவமனை ஆசிரியராகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். இவர் பதவியேற்ற இரண்டு ஆண்டுகளில், 1879 இல், எடின்பரோ அரச மருத்துவமனை லாரிஸ்டன் பகுதியிலிருந்த புதிய கட்டடத்திற்கு மாறியது. அக்காலத்தில் எடின்பரோவில் பயின்றவர்கள் பிரித்தானியப் பேரரசின் எல்லாப் பகுதிகளுக்கும் மருத்துவர்களாகச் சென்றனர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தோரும் அவர்களுள் உண்டு. மாணவர் நலனில் அக்கறையுள்ளவர் என்றும் அவர்களால் விரும்பப்பட்டவர் என்றும் இவர் அறியப்பட்டார்.

1888 இல் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். 1902 இல் டர்ஹாம் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. ஸ்காட்லாந்தில் அரசரின் மெய்க்காவற்படையாக விளங்கும் அரச வில்லாளர் குழுவின் தலைமை அறுவை மருத்துவராகவும் இருந்தார்.

குடும்பமும் இந்தியத் தொடர்பும்

1874 இல், எடின்பரோவின் பெயர்பெற்ற பதிப்பாளர் வில்லியம் நெல்சனின் மூத்த மகள் எவலினை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் பிறந்தனர்.

மூத்த மகன் நெல்சன் அனன்டேல் (1876 - 1924) விலங்கியலாளராகி 1904 இல் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் பணிக்குச் சேர்ந்தார். 1907 இல் அதன் கண்காணிப்பாளரானார். நன்னீர்க் கடற்பஞ்சுகள் பற்றியும் ஒடிசாவின் சிலிக்கா ஏரியின் உயிரினங்கள் பற்றியும் விரிவாக ஆராய்ந்தவர் இவர். இவருடைய முயற்சியால் 1916 இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இவரே அதன் முதல் இயக்குநர். தந்தையின் பெயர் மருத்துவ நூல்களிலும் மகனின் பெயர் இந்திய விலங்கியல் நூல்களிலும் இடம்பெற்றிருந்தாலும், இருவரும் தந்தையும் மகனும் என்பது பலருக்குத் தெரியாது.

மறைவு

அனன்டேல் தம் இறுதிநாள் வரை அறுவைக் கூடத்தில் பணியாற்றினார். 1907 டிசம்பர் 19 அன்று வழக்கம்போல மருத்துவமனையில் அறுவை செய்தார். மறுநாள் திடீரென இறந்தார். அப்போது அவருக்கு வயது 69. எடின்பரோவின் டீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நினைவாக எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறுவையியல் மாணவர்களுக்கு அனன்டேல் தங்கப் பதக்கம் நிறுவப்பட்டது. அவர் சேர்த்து வைத்திருந்த உடற்கூற்றுப் பொருட்கள் எடின்பரோ அறுவை மருத்துவர் கூடத்து அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டன.

தையலுக்குத் திரும்பிய மருத்துவம்

அனன்டேல் இறந்து 29 ஆண்டுகளுக்குப் பின், 1936 இல், டான் கிங் என்னும் மருத்துவர் நாய்களிடம் நடத்திய சோதனைகளை வெளியிட்டார். கிழிசல் குருத்தெலும்பின் வெளிவிளிம்பை எட்டினால் அது ஆறக்கூடும். உட்பகுதிக்குள்ளேயே நின்றுவிட்டால் ஆறாது என்று அவர் கண்டார். 1948 இல் பேர்பேங்க் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பிறைக்குருத்தெலும்பு அகற்றப்பட்ட முழங்கால்களின் எக்ஸ் கதிர்ப் படங்களில் மூட்டு இடைவெளி குறைதல், எலும்பு விளிம்பு வளர்தல் போன்ற மாற்றங்கள் தோன்றுவதை விவரித்தார். பயனற்ற எச்சம் என்று வெட்டி எறியப்பட்டது உண்மையில் மூட்டின் சுமைதாங்கி என்பது மெல்லப் புலப்பட்டது. இளமையில் அதை இழந்தவர்கள் நடுவயதில் மூட்டுத் தேய்மானத்தால் துன்புற்றனர்.

1982 இல் ஆர்னாஸ்கி, வாரன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இரத்தக்குழாய்கள் குருத்தெலும்பின் வெளிவிளிம்புப் பகுதிக்குள் மட்டுமே புகுகின்றன என்று காட்டியபோது, கிங்கின் முடிவுக்கான காரணம் தெளிவாயிற்று. இரத்த ஓட்டமுள்ள அவ்விளிம்பு சிவப்புப் பகுதி என்றும் இரத்த ஓட்டமற்ற உட்பகுதி வெண்பகுதி என்றும் குறிப்பிடப்படுகின்றன. அனன்டேல் தைத்ததும் விளிம்பில் ஏற்பட்ட கழற்சியையே. நன்கு ஆறக்கூடிய இடத்தில் அவர் ஊசி இறங்கியிருந்தது. ஏன் ஆறியது என்பதை அறிய ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

மூட்டு அகநோக்கி வழிச் சீரமைப்பு

இதற்கிடையில் மூட்டைத் திறக்காமல் உள்ளே காணும் வழியும் உருவாயிற்று. 1918 இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைக் காணப் பயன்படும் கருவியை இறந்த உடலொன்றின் முழங்காலினுள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வத்தனாபே கருவியைச் செம்மைப்படுத்தி, 1962 இல் அதன் வழியாகவே பிறைக்குருத்தெலும்பின் ஒரு பகுதியை அகற்றினார். 1969 இல் ஹிரோஷி இகேயுச்சி முதன்முதலாக மூட்டு அகநோக்கியின் உதவியுடன் பிறைக்குருத்தெலும்பைத் தைத்தார்.

இன்று செய்யப்படும் முறையில் முழங்காலின் முன்புறம் இரு சிறு துளைகள் போதும். உப்புநீர் செலுத்தி மூட்டு விரிக்கப்படுகிறது. ஒரு துளை வழியாகச் சுமார் நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள அகநோக்கியும், மற்றொன்றின் வழியாகக் கருவிகளும் செல்கின்றன. மருத்துவர் முதலில் கொக்கி முனை கொண்ட மெல்லிய கம்பியால் குருத்தெலும்பை இழுத்துப் பார்த்து, அது நிலையாக உள்ளதா அல்லது நழுவுகிறதா என்று சோதிக்கிறார். நிலையற்றதாக இருந்து, கிழிசல் ஆறக்கூடிய பகுதியிலும் இருந்தால், விளிம்புகளைச் சற்றுச் சுரண்டிப் புதுப்பித்துத் தைக்கிறார். இழைகளை உள்ளிருந்து வெளியே கொண்டுவந்து முடிவதும், வெளியிலிருந்து உள்ளே செலுத்துவதும், முழுவதும் மூட்டினுள்ளேயே முடிவதும் என மூன்று வகை முறைகள் வழக்கில் உள்ளன. ஆறாத பகுதியில் உள்ள கிழிசலாயின், அந்தச் சிறு துண்டு மட்டும் அகற்றப்படுகிறது.

சீரமைப்புக்குப் பின் நோயாளிக்குப் பொறுமை தேவை. தொடக்க வாரங்களில் முழங்காலைச் செங்கோணத்திற்கு மேல் மடக்குவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. முழுவதும் குந்தி அமர்வதற்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். அகற்றலுக்குப் பின் சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்ப முடியும் என்பதால், அன்றாடக் கூலியை நம்பியிருப்போருக்கு இத்தேர்வு எளிதானதன்று. இன்றைய வருவாயும் நாளைய மூட்டும் இதில் எதிரெதிராக நிற்கின்றன.

தமிழ்நாட்டில்

சம்மணமிட்டு உண்பது, குந்தி அமர்வது, நாற்று நடுவது, களையெடுப்பது என முழங்காலை முழுவதும் மடக்கும் வாழ்க்கைமுறை தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள ரிஷிவந்தியம் போன்ற வேளாண் ஊர்களில் உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் முழங்கால் என்பது பிழைப்புக்கான கருவியாகும். காலை ஊன்றித் திரும்பும் கபடி போன்ற ஆட்டங்களில் பிறைக்குருத்தெலும்புக் காயம் நேர்வதுண்டு. மூட்டு பூட்டிக்கொள்ளும்போது எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியரை நாடுவது நெடுங்கால வழக்கம். இது வில்லியம் ஹே காலத்து இங்கிலாந்திலும் இருந்ததே. மூட்டு அகநோக்கி அறுவைகள் இன்று தமிழ்நாட்டின் பெருநகர மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன. கள்ளக்குறிச்சி 2019 இல் தனி மாவட்டமானது. அங்கு 2022 ஆம் ஆண்டு சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

மதிப்பீடு

அனன்டேல் தம் காலத்தில் பெற்ற புகழ் பேராசிரியர் என்ற முறையில் கிடைத்தது. முழங்காலில் இட்ட மூன்று தையல்களுக்காக அவரை எவரும் அன்று சிறப்பாகப் போற்றவில்லை. அவரும் அதைப் பெரிதாகக் கூறிக்கொள்ளவில்லை. பிற்காலத்தவர் குருத்தெலும்பைக் காக்கும் வழியைத் தேடியபோதுதான் 1885 ஆம் ஆண்டின் அந்தச் சிறு குறிப்பு மீண்டும் படிக்கப்பட்டது. இன்று பிறைக்குருத்தெலும்புச் சீரமைப்பின் வரலாற்றைக் கூறும் மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலானவை, எடின்பரோவில் அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு அவர் செய்த அறுவையிலிருந்தே தொடங்குகின்றன.